எண்பது காட்டும் முள்

பெட்ரோல் போட்ட பிறகும் முள் எழுந்திருக்கவில்லை.

மெல்வின் சாவியை அணைத்து மறுபடி திருப்பினான். டேஷ்போர்டு கண்ணாடியை விரலால் சுண்டினான். பிறகு உள்ளங்கையால் தட்டினான். முள் காலிக்கோட்டில் மல்லாந்து கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டா சார்?" என்றார் பங்க்காரர்.

"போட்டதே கணக்குல வரலியேங்க."

பக்கத்து சீட்டில் ஜெனிலா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நாளக்கழிச்சு காலையில அப்பா வந்துருவாகளே. வந்ததும் மொதல்ல இந்த முள்ளத்தான் பாப்பாக."

அதுதான் சிக்கல். கார் மெல்வினுடையது அல்ல, மாமனார் தேவஇரக்கத்துடையது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் எடைமேடை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரிகளை நிறுத்து நிறுத்து, முள் காட்டுவதைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதராகிவிட்டார். காய்ச்சல் என்று யாராவது சொன்னால் நெற்றியைத் தொடமாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார். காரை எண்பதில்தான் ஓட்டுவார். எண்பதுக்கு மேலே போனால் ஆபத்து, கீழே போனால் இன்ஜினுக்குக் கேடு என்பது அவர் கட்சி.

மனைவி ஏசம்மாளோடு சென்னைக்கு மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, காரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்து ராஜபாளையத்தில் மெல்வின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"தெனம் செத்த நேரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க மாப்பிள்ளை. ஓட்ட வேண்டாம். பெட்ரோல் முள்ளு பாதியில நிக்கி. பாத்துக்கிட்டேன்."

அந்தப் 'பாத்துக்கிட்டேன்' மெல்வினின் காதில் ஒரு வாரம் ஒலித்தது. அடுத்த வாரம் வத்திராயிருப்பில் ஜெனிலாவின் தோழி வீட்டுப் பால்காய்ப்பு வந்தது. பட்டுச்சேலையோடு பைக்கில் வரமாட்டேன் என்று அவள் சொல்ல, காரை எடுத்தார்கள். போகும்போதும் வரும்போதும் மெல்வின் ரோட்டைப் பார்த்தான், இறங்கிக்கொண்டே வந்த பெட்ரோல் முள்ளைப் பார்த்தான். வேறெதையும் பார்க்கவில்லை. இப்போது பெட்ரோலை நிரப்பிப் பழையபடி பாதியில் நிறுத்திவிடலாம் என்று வந்தால், முள் செத்துப்போயிருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரீசியன் பேச்சிமுத்து கடை வைத்திருந்தார். காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சின்ன வேலைதான் அண்ணாச்சி. டேங்குல மிதவை போயிருக்கும். மீட்டர் பெட்டியக் கழட்டி வயரையும் பாத்துருவோம்."

சின்ன வேலை மாலைவரை நடந்தது. கடைசியில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் எழுந்து நேராகப் பாதியில் நின்றது. மெல்வின் பெருமூச்சு விட்டான். அது பாதி வெளியே வருவதற்குள் ஜெனிலா கேட்டாள்.

"சூட்டு முள்ளு ஏன் உச்சியில நிக்கி?"

"இன்ஜின் சூடாயிருக்கும்."

"இப்பத்தான ஸ்டார்ட்டே பண்ணுனிங்க?"

பேச்சிமுத்து இரண்டு வயர்களை மாற்றிச் செருகினார். சூட்டு முள் இறங்கியது. ஆனால் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் எழுந்து சல்யூட் அடித்தது. இன்னொரு வயரை மாற்றினார். சல்யூட் நின்றது, ஹாரன் போய்விட்டது. ஹாரனைச் சரிசெய்தார். எல்லாம் அடங்கியது.

"இனி அசையாது அண்ணாச்சி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

தென்காசி ரோட்டில் ஓட்டினார்கள். ஜெனிலா மடியில் போனில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. மெல்வினுக்கு மனசு லேசாகிவிட்டது. முதல்முறையாக வேகமுள்ளைப் பார்த்தான். எண்பது.

"பாத்தியா, உங்கப்பா மாதிரியே எண்பதுல போறேன்."

"மேப்புல நாப்பதுன்னு காட்டுதே."

"போன் தப்பு."

"போன் தப்புன்னா, நம்மள ஒரு டிவிஎஸ் ஃபிப்டி தாண்டிப் போவுதே, அதுவும் தப்பா?"

மெல்வின் திரும்பிப் பார்த்தான். பின்னால் தேங்காய் மூட்டை கட்டிய வண்டியில் ஒரு பெரியவர் நிதானமாக அவர்களைக் கடந்து போனார். போகும்போது, என்ன கோளாறோ பாவம் என்பதுபோல ஒரு பார்வை வேறு பார்த்துவிட்டுப் போனார்.

மெல்வின் வண்டியைத் திருப்பி நேராகக் கடைக்கு விட்டான்.

"பேச்சிமுத்து, ஸ்பீடு மீட்டரக் கெடுத்து வச்சிருக்கீரே! போறது நாப்பது, காட்டுறது எண்பது!"

"ஏ சாமி! அதுல நான் கையே வைக்கல அண்ணாச்சி!"

"கை வைக்காமலா எண்பது காட்டுது? எங்க மாமா எடைமேடைக்காரர். ஒரு கோடு தள்ளி நின்னாலே கண்டுபிடிச்சிருவாரு."

"என் பிள்ளைக மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாம். சரி பண்ணிக் குடும்."

பேச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியை மறுபடி கழற்றினார், கண்ணாடியைப் பிரித்தார், வேகமுள்ளைப் பிடுங்கி வேறொரு கோணத்தில் அமுக்கினார். இப்போது நின்ற வண்டி இருபதில் போனது. மறுபடி பிடுங்கி, கொஞ்சம் பலமாக அமுக்கினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். முள் விறுவிறுவென்று ஏறி நூற்றி இருபதில் போய் முட்டி நின்றது. அப்புறம் யார் தட்டியும் இறங்கவில்லை.

ஸ்க்ரூடிரைவர் பழையபடி காதுக்குப் போனது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல நவநீதகிருஷ்ணன்னு ஒருத்தர் இருக்காரு," என்றார் பேச்சிமுத்து, மெல்வினின் கண்ணைப் பார்க்காமல். "மீட்டர் வேலை மட்டுந்தான் பாப்பாரு. காலையில மொத ஆளாப் போயிருங்க."

மறுநாள் மெல்வின் சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனிக்கு வயிற்றுவலி என்று லீவு சொன்னான். காரில் மீட்டர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து வயர்கள் கொத்தாகத் தொங்கின. மீட்டர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஜெனிலா உட்கார்ந்திருந்தாள்.

மம்சாபுரம் விலக்கில் போலீஸ் கைகாட்டியது.

"என்ன வேகத்துல வாரீங்க?" என்று குனிந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தெரியாது சார்."

"தெரியாதா? மீட்டர் எங்க?"

"இவ மடியில இருக்கு சார்."

சப்-இன்ஸ்பெக்டர் எட்டி ஜெனிலாவின் மடியைப் பார்த்தார். முள் நூற்றி இருபதில் விறைத்து நின்றது.

"நூத்தி இருபதா!"

"சார், சார், அது எங்கயும் கனெக்ஷனே இல்ல சார். வீட்டுல வச்சாலும் நூத்தி இருபதுதான் காட்டும்."

"எங்கப்பா நாளைக்கு வாராக சார்," என்று ஜெனிலா திடீரென்று அழ ஆரம்பித்தாள். "அவுக முள்ளத்தான் சார் மொதல்ல பாப்பாக."

சப்-இன்ஸ்பெக்டர் ஓட்டையைப் பார்த்தார், வயர்க்கொத்தைப் பார்த்தார், அழுகிற ஜெனிலாவைப் பார்த்தார். "மாமனார் காரா?" என்றார்.

"ஆமா சார்."

"போங்க, போங்க," என்றார். அவருக்கும் மாமனார் இருந்திருக்க வேண்டும்.

நவநீதகிருஷ்ணன் பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்து முறிந்த ஒரு கம்பிச்சுருளை எடுத்துக் காட்டினார். "இனி இது வேலைக்கு ஆகாது. இதே மாடல் காருலேருந்து கழட்டுனது ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. அதப் போட்டு அளவு சரி பண்ணித் தாரேன். கிலோமீட்டர் உருளைய மட்டும் பழசுலேருந்து எடுத்து இதுல மாட்டிருவோம், கணக்கு மாறாது."

"முள்ளெல்லாம் சரியாக் காட்டணும் அண்ணாச்சி. மயிரிழை பிசகுனாலும் எங்க மாமா கண்டுபிடிச்சிருவாரு."

"மயிரிழையா? நெட்டுக்குத்தா நிக்கும் பாருங்க."

மெல்வின் வண்டியை மதுரை ரோட்டில் மேலும் கீழும் ஓட்ட, நவநீதகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்கு வந்து திருகினார். மறுபடி ஓட்டினார்கள். நாற்பதுக்குச் சரியாக வந்தது அறுபதுக்கு வரவில்லை. அறுபது வந்தபோது இருபது கோபித்துக்கொண்டது. வெயில் சாயும்போது எல்லா முள்ளும் ஒத்துக்கொண்டன. போனில் எண்பது என்றால் முள்ளிலும் எண்பது. பெட்ரோல் பாதியில். ஹாரன்கூட ஒருமாதிரி சுதி சேர்ந்து ஒலித்தது.

அன்று மெல்வின் இரண்டு நாளுக்குச் சேர்த்துத் தூங்கினான்.

காலையில் ரயிலிலிருந்து இறங்கிய தேவஇரக்கம், மகள் கொடுத்த காப்பியைக் குடித்ததும் குடிக்காததுமாகக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மெல்வினுக்கு மூச்சு நின்றது.

"பாதி," என்றார் தேவஇரக்கம். "வச்ச மாதிரியே இருக்கு. நல்லது."

மெல்வினுக்கு மூச்சு திரும்பியது.

"நீங்களும் ஏறுங்க மாப்பிள்ளை. வீட்டுல பலகாரப் பெட்டி எறக்கி வைக்கணும். பொறவு பஸ்ல வந்துரலாம்."

ஏசம்மாள் அத்தை பின்சீட்டில் ஜெபமாலை இல்லாத குறைக்குக் கைப்பையின் வாரை உருட்டியபடி சாய்ந்து கண்ணை மூடினாள். கார்ப் பயணமென்றால் அவளுக்கு எப்போதும் நல்ல தூக்கம்.

ஊர் எல்லை தாண்டியதும் தேவஇரக்கம் வழக்கம்போல் வேகத்தைக் கூட்டினார். நாற்பது. ஐம்பது. முள்ளைப் பார்த்தார், இன்னும் வரவில்லையே என்று ஆக்ஸிலேட்டரை அமுக்கினார். எண்பது வந்த பிறகுதான் காலைத் தளர்த்தினார்.

புளியமரங்கள் ஓட ஆரம்பித்தன.

"என்ன மாப்பிள்ளை, காத்து இப்பிடி அடிக்கி?"

மெல்வின் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்று முள் எண்பது காட்டியது பேச்சிமுத்து கை வைத்ததால் அல்ல. இந்த மனிதர் இத்தனை வருஷமும் எண்பது என்று நினைத்து நாற்பதில் போய்க்கொண்டிருந்தவர். நாற்பதில் திருப்புகிற மாதிரியே இப்போது எண்பதில் வளைவைத் திருப்புகிறார்.

"மாமா, கொஞ்சம் மெதுவா..."

"எண்பதுலதான மாப்பிள்ளை போறேன். எப்பவும் போறதுதான!"

முன்னால் ஒரு மினி பஸ். தேவஇரக்கம் ஹாரனை அடித்து அதைத் தாண்டினார். வாழ்க்கையில் அவர் தாண்டிய முதல் வண்டி அது. அடுத்து நூல்மூட்டை ஏற்றிய லாரி. அதையும் தாண்டினார். எதிரே வந்த காலேஜ் பஸ் மண்ணில் இறங்கி வழிவிட்டது.

"இம்புட்டு நாளும் எல்லாப் பயலும் என்னைத் தாண்டிப் போனானுவ. இன்னைக்கிப் பாத்தீங்களா! ஸ்டார்ட் பண்ணி வச்சதுலயே இன்ஜினுக்கு எளமை திரும்பிட்டு!"

பின்சீட்டில் அத்தை விழித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பார்த்தாள். அப்புறம் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பைபிள் சங்கீதம் முழுவதும் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. ஊருக்குள் கூட்டம் இருந்ததால் அவர் வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது மெல்வினுக்கு.

வீட்டு வாசலில் இறங்கி நின்றபோது கால் தரையில் படுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். பட்டது. உயிர் இருந்தது. முள் விஷயமும் வெளியே வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

தேவஇரக்கம் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தான் ஒரு லாரியைத் தாண்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "சாயங்காலம் மதுர வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கணும்" என்பது உள்ளே வரை கேட்டது.

அத்தை மெல்வினைச் சமையலறைக்கு ஜாடை காட்டி அழைத்தாள். சொம்புத் தண்ணீரைப் பாதி தானே குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

"காருல என்ன பண்ணுனீங்க மாப்பிள்ளை? உண்மையச் சொல்லுங்க."

மெல்வின் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வத்திராயிருப்பு, பேச்சிமுத்து, நவநீதகிருஷ்ணன், ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது.

"மாமாகிட்ட சொல்லிராதீங்க அத்தை. ஆனா ஒண்ணு, நான் தொடுறதுக்கு முன்னாடியே அந்த ஸ்பீடு மீட்டர் கெட்டுப் போயிருந்திருக்கு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

அத்தை கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கெட்டுப் போகல மாப்பிள்ளை. அவிய காரு வாங்குன மறுவாரமே நான்தான் ஆளு வச்சுக் கெடுத்து வச்சேன்."