சி.ஐ.டி. டீச்சர் படிக்கத் தவறிய கட்டுரை

மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட் முழுவதும் சலித்துத் தேடினாலும், ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தமிழ்ப் பாடம் நடத்தக்கூடிய இன்னொருவர் கிடைக்கமாட்டார். எங்கள் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்த அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சி.ஐ.டி. டீச்சர். நான் பக்கத்து வகுப்பு ஆசிரியை.

கருத்துணர்தல் பாடத்துக்கு நாங்களெல்லாம் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்போம். அவர் ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்று செருப்பு.

“இதப் போட்டவரு எப்படிப்பட்டவரு? சும்மா அடிச்சு விடக்கூடாது. எத வச்சு சொல்றீங்கன்னு சொல்லணும்.”

“ஒரு பக்கமா தேஞ்சிருக்கு டீச்சர். சாய்ஞ்சு நடப்பாரு.”

“உள்ள பவுடர் ஒட்டியிருக்கு. கால் நாறும்னு பயம்!”

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே தாழ்வாரத்தில் எதையோ தேடி வந்தார். டீச்சர் அசரவில்லை. “விடை வந்துருச்சு, எழுதிக்குங்க” என்றார்.

கட்டுரையிலும் இதே கதைதான். ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று மனப்பாடமாக எழுதிய பையனை எழுப்பி நிறுத்தினார்.

“அன்னிக்கு மழ பேஞ்சுச்சே லா! நீ என்ன பார்த்த?”

“மழக்கோட்டு கிழிஞ்சிருச்சுன்னு அம்மா ஏசுனாங்க டீச்சர்.”

“அட, அலமாக்! அத எழுதுய்யா!”

ஒருமுறை ‘ஒரு ரகசியம்’ என்று கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னார். வாயே திறக்காத பவித்ரா இப்படி எழுதியிருந்தாள்: ‘அப்பா தினமும் சீருடை போட்டுக்கொண்டு துணித் தொழிற்சாலைக்குப் போகிறார். முன்பு சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் எடுத்துவிடுவேன். இப்போது பஞ்சு இல்லை. காலணியில் புல் ஒட்டியிருக்கிறது. நான் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா அழுதுவிடுவார்.’

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. “என்னா கற்பனை பாருங்க!” என்று ஆசிரியர் அறையில் வாசித்தார். என் வகுப்பிலும் வந்து வாசித்தார். நாங்கள் கைதட்டினோம்.

இரண்டு நாள் கழித்துப் பவித்ராவின் அப்பா வந்தார்.

“வேல போயி ரெண்டு மாசமாச்சு டீச்சர். எம்பொண்டாட்டிக்கே தெரியாது. பக்கத்து வீட்டுப் புள்ள வந்து கதையா சொல்லியிருக்கு. இதான் நீங்க சொல்லிக் குடுக்குறதா?”

செருப்பின் ஜாதகத்தையே கணித்தவர் பவித்ராவின் நோட்டைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் கதைன்னு நெனச்சேங்க. புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியல. மன்னிச்சிருங்க.”

இந்தப் பதிலைப் பவித்ராவின் அப்பா எதிர்பார்க்கவில்லை போலும். நோட்டை வாங்கிப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் பவித்ராவை வரவழைத்து, அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். “ஒன்னக் கேக்காம எல்லார்கிட்டயும் படிச்சிட்டேம்மா.”

“பரவால்ல டீச்சர்,” என்றாள் அவள். “அப்பா இப்ப மத்தியானம் வீட்லயே சாப்புடுறாரு.”

சில வாரங்களில் பவித்ராவின் அப்பாவுக்குப் பக்கத்து ஊரான மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. டீச்சரும் மாறினார். எந்தக் கட்டுரையை வாசிப்பதற்கு முன்பும் எழுதிய பிள்ளையின் காதில் அனுமதி கேட்பார். ‘வேணாம் டீச்சர்’ என்று பதில் வந்தால் போச்சு. அந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அன்று முழுவதும் தவித்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் சிகாமட்டுக்கு மாற்றலாகிவிட்டார். சென்ற வாரம் போன் செய்தார். “நல்லா இருக்கேன் டீச்சர்” என்றேன்.

“கொரல் அப்படிச் சொல்லலியே. இன்னிக்கு யார்கிட்டயும் பேசலியா?”

பேசியிருக்கவில்லை. அன்று எங்கள் ஆசிரியர் அறையில் இருபது பேர் இருந்தோம். அதைக் கவனித்தவர் சிகாமட்டில் இருந்தார்.