கழித்தல் மூன்று மணி நேரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மருதாசலம் அவர்களுக்கு, மச்சான் தங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காவும் பண்ணையில் மூவாயிரம் கோழிகளும் சுகம். அங்கே எல்லோரையும் அம்மன் பார்த்துக்கொள்வாள். கனிஷ்கா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள் என்றுதான் கடிதம்.

அவரவர் வீட்டிலிருந்து ஒரு விகிதமுறு சமன்பாடு போட்டு வரும்படி வகுப்பில் சொன்னீர்களாம். பிள்ளை என்னிடம் வந்தாள். நம் தொட்டிக்கு இரண்டு மோட்டார். சேர்த்துப் போட்டால் ஆறு மணி நேரத்தில் நிரம்பும். பெரியது சின்னதைவிட ஐந்து மணி நேரம் முன்னதாகவே நிரப்பும் என்று கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினேன். தனித்தனியாக ஒருநாளும் ஓட்டியதில்லை. சின்னதற்கு x மணி நேரம் என்று வைத்து, கீழே கிடந்த x-ஐயெல்லாம் மேலே ஏற்றி அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் பதினைந்து என்று ஒரு விடை, இரண்டு என்று ஒரு விடை. எதை எழுதட்டும் என்றாள். போர் போடும் இடமானாலும் பெண் கொடுக்கும் இடமானாலும், இரண்டில் ஒன்று என்றால் நாம் அம்மனிடம் பூக் கேட்பதுதானே வழக்கம். கூட்டிப் போனேன். வெள்ளை அரளி வந்தால் பதினைந்து, சிவப்பு அரளி வந்தால் இரண்டு, தனித்தனிப் பொட்டலம். பூசாரி, "எதுக்குங்க, கல்யாணமா?" என்றார். "கணக்குங்க" என்றேன். பிள்ளையே எடுத்தாள். சிவப்பு வந்தது. 'அம்மன் வாக்குப்படி x = 2' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் அதைச் சுழித்து, 'அப்படியானால் பெரிய மோட்டாருக்குக் கழித்தல் மூன்று மணி நேரம். போடுவதற்கு முன்பே நிரம்பிவிடுமா?' என்று எழுதி, பூஜ்யம் போட்டு, வகுப்பில் வாசித்தும் காட்டினீர்களாம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வந்த கோபம் முழுவதும் என்மேல். உங்கள் அக்காவும், "ஏனுங்க, சாமிகிட்டக் கேக்கற கேள்வியாங்க அது?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். கனிஷ்கா கோழிகளோடு பேசுகிறாள், என்னோடு பேசுவதில்லை. பெற்ற பிள்ளை பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது மாப்பிள்ளை. தப்பு என்னுடையது. பதினைந்துதான் சரி. இனிமேல் கணக்குக்காகக் கோயில் படி ஏற மாட்டேன். அவளை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி, வகுப்பில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். கவரை ஒட்டுமுன் ஒரு சந்தேகம் வந்து மோட்டார்களைத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். சின்னது இரண்டே மணி நேரத்தில் தொட்டியை நிரப்பிவிட்டது. அதை நிறுத்தி, பெரியதன் குழாய் வால்வைத் திறந்து அதைப் போட்டேன். மூன்று மணி நேரத்தில் தொட்டி காலி. உள்ளே என்னவோ உடைந்து, ஏற வேண்டிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. கனிஷ்கா நோட்டோடு வந்து வெறும் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "மாமா வந்து பாக்கற வரைக்கும் எதுலயும் கை வெக்காதீங்கப்பா" என்றாள். ஆகையால் மோட்டார் இரண்டும் நிற்கின்றன. நானும் அவளும் மூவாயிரம் கோழிக்கும் குடத்தில் தண்ணீர் சுமக்கிறோம், பேசிக்கொண்டே. நீங்கள் நிதானமாகவே வாருங்கள்.