ஒருவேளை சாரும் என் பத்து விரல்களும்

கோயமுத்தூரில் சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால், "யாரு பார்த்தது?" என்று கேட்கக்கூடிய ஒரே மனுஷர் ஒருவேளை சார்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் "ஒருவேளை..." என்றுதான் வாயைத் திறப்பார். அதுவே பெயராகிவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனிக்கு அவர் வரக் காரணமே நான்தான். எங்களிடம் பம்ப் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள் எங்களுக்குத் தீபாவளி. தரையில் மஞ்சள் கோடு. ஸ்டோரில் தூங்கிய ஹெல்மெட்டுகளுக்கு விடுதலை. எல்லாருக்கும் புது ஷூ. வந்தவர் கார் ஏறியதும் ஷூவைத் திருப்பி வாங்கிவிடுவார்கள்.

வாய் நீளம் என்பதால் பதில் சொல்ல என்னை முன்னால் நிறுத்தினார்கள். நானோ ஒன்பதாம் வகுப்புக்கே பிடிக்காமல் போன ஆள். கேள்விகளுக்கான பதிலை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த மனுஷர் வரிசையை மாற்றிக் கேட்டுவிட்டார்.

"தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"காய்ச்சி, ஆறவெச்சு, வடிகட்டிக் குடிப்போமுங்க."

அதற்கப்புறம்தான் முதலாளி ஒருவேளை சாரைக் கொண்டுவந்தார். காம்ப்ளையன்ஸ் ஆபீசர். கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று தினமும் பார்ப்பது அவர் சோலி.

வந்த அன்றைக்கே எங்கள் பிரஸ் ஷாப்புக்கு வந்தார். சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இங்க ரொம்ப நாளா ஒரு சின்னக் காயங்கூட இல்லீங்க."

சார் முகம் இருண்டுவிட்டது. "ஒருவேளை, காயத்தை மறைக்கறீங்களோ?"

"ஏனுங்க, ஒண்ணும் ஆகாததும் குத்தமுங்களா?"

"ஆகறதுக்கு முந்தியே பிடிக்கத்தானுங்க எனக்குச் சம்பளம்."

இந்த ஆள் முதலாளியின் ஒற்றன் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அவர் எங்களைச் சந்தேகப்பட, நாங்கள் அவரைச் சந்தேகப்பட, உற்பத்தி நின்றாலும் சந்தேகம் மட்டும் மூன்று ஷிப்டும் ஓடியது.

கேண்டீன் வாசலில் ஒரு பெட்டி வைத்தார். விபத்தாக வேண்டியது எதுவாவது மயிரிழையில் தப்பியிருந்தால் எழுதிப் போட வேண்டுமாம். யாரும் போடவில்லை. காலிப் பெட்டியையும் சந்தேகமாகப் பார்த்தார். பாவமாக இருந்ததால் நான் ஒன்று எழுதிப் போட்டேன்: 'சாம்பாரிலிருந்து பருப்பு தப்பித்து ஓடிவிட்டது.'

மனுஷர் சிரிக்கவில்லை. விசாரிக்க நேராகக் கேண்டீன் அடுப்படிக்குள் போனார். போனவர் கண்ணில் விரிசல் விட்ட கேஸ் டியூப் பட்டது. அன்று சாயங்காலமே புது டியூப் வந்தது. பருப்புதான் இன்றுவரை பிடிபடவில்லை.

தீ ஒத்திகை வைத்தார். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எல்லாரும் ஒழுங்காக வெளியே வந்தோம். அதையும் அவர் நம்பவில்லை. அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் டீ நேரத்தில் சைரனை அடித்தார். தட்டில் பஜ்ஜி இருக்கும்போது எவன் எழுந்திருப்பான்? ஒருத்தரும் அசையவில்லை. சார் கோபப்படவில்லை, ரோசனை பண்ணினார். மறுமாதம் சைரன் அடித்தபோது பஜ்ஜித் தட்டை மைதானத்தில், நாங்கள் வந்து கூட வேண்டிய இடத்தில் வைத்திருந்தார். தீயே எங்களைத் துரத்தியிருந்தாலும் அவ்வளவு வேகமாக வந்திருக்க மாட்டோம்.

இனி என் விரல்கள் சமாச்சாரம். நான் ஓட்டுவது பிரஸ் மெஷின். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி வெட்டும். கை உள்ளே இருந்தால் இறங்காமல் நிறுத்த, பக்கத்தில் ஒரு சென்சார் உண்டு. நான் பத்து விரலோடு ஊட்டுக்குப் போவது அதன் தயவில்.

ஆயுத பூஜை வந்தது. பழனிச்சாமி அண்ணன் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். சென்சார் பார்க்கக் கண் மாதிரி இருந்ததால், பக்தியில் அதற்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. லீவு முடிந்து வந்து பார்த்தால் மெஷின் ஓடவில்லை. காய்ந்த சந்தனத்தை என் கை என்று நினைத்துச் சென்சார் அடம்பிடிக்கிறது. அது எங்களுக்கு எங்கே தெரியும்? சென்சார் கெட்டுப்போச்சு என்று அண்ணன் எலெக்ட்ரீசியனிடம் சொல்லி, அதன் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு டைரக்டாக ஒயர் கொடுக்கச் செய்தார். மெஷின் ஜம்மென்று ஓடியது.

ஒருவேளை சார் வந்து நின்றார்.

"மெஷின் எப்புடி ஓடுது?"

"கரண்ட்டுலதானுங்க."

"சென்சார் மேல சந்தனம் அப்பிக் கெடக்குது. அது மறைச்சா மெஷின் ஓடக்கூடாது. ஆனா ஓடுது. ஒருவேளை..."

முடிக்கவில்லை. "எந்திரிங்க கண்ணு" என்றார். அவர் என்னைக் கண்ணு என்றது அதுதான் முதல் தடவை.

பூஜைக்கு வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று அப்படியே நின்றது. அதன் தண்டை ஒடித்து வந்து, என் கை போகிற இடத்தில் நீட்டிப் பெடலை மிதித்தார். டக். ஒரு துண்டு உருண்டு என் காலடியில் விழுந்தது. என் சம்சாரம் பொரியலுக்கு நறுக்குகிற கனத்தில், அவ்வளவு சுத்தமாக. நான் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டீ வந்தும் எடுக்கவில்லை.

முதலாளி ஓடிவந்தார். "எவன் பண்ணுன வேலை இது?"

பழனிச்சாமி அண்ணன் வெளிறிவிட்டார். சார் குறுக்கே வந்தார். "எவன்னு அப்பறம் கேக்கலாமுங்க. மெஷின் நின்னுபோச்சுன்னு உங்ககிட்ட வந்து சொல்ல ஏன் பயந்தாங்க, அதை மொதல்ல கேளுங்க."

அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார்: "லோடு ஏத்த லாரி நிக்குதுங்க. லேட்டானா நீங்க வைவீங்கன்னு டைரக்ட் பண்ணச் சொல்லிப்போட்டனுங்க."

முதலாளி வாழைத்துண்டைக் கையில் எடுத்துச் சித்த நேரம் பார்த்தார். அன்று லாரி காலியாகத் திரும்பியது. அண்ணன் வேலை போகவில்லை.

அடுத்த பூஜைக்கு முன்னால் சார் ஒவ்வொரு மெஷினிலும், சென்சாருக்கு எட்டாத இடத்தில், மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட்டு 'பொட்டு இங்கே' என்று எழுதிவைத்தார். வெளிநாட்டு ஆள் அந்த வட்டம் எதற்கு என்று என்னிடம் கேட்டார். அதற்குச் சொன்னதுதான் மனப்பாடம் செய்யாமல் நான் சொன்ன முதல் பதில்.

பிறகு சார் போத்தனூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வழியனுப்பும்போது பவானி ஜமக்காளம் ஒன்று கொடுத்தோம். முழுசாக விரித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜை லீவு முடிந்த காலையிலும் போன் வரும்.

"விரலெல்லாம் பத்திரமுங்களா?"

"பத்திரமுங்க."

"ஒருவேளை பொய் சொல்றீங்களோ? போட்டோ அனுப்புங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். பழனிச்சாமி அண்ணன் படம் எடுத்து அனுப்புவார்.

இந்த வருஷம் போன் வரவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், வேலை ஓடவில்லை. நானே கூப்பிட்டேன்.

"ஏனுங் சார், நல்லா இருக்கறீங்களா?"

"லேசாக் காய்ச்சலுங்க. ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா நான் நம்பமாட்டனுங்க. போட்டோ அனுப்புங்க."

வந்தது. தலையில் மஃப்ளர், கையில் தெர்மாமீட்டர். படத்தைப் பெரிதாக்கி, அதில் காட்டுகிற சூடு லேசுதானா என்று பழனிச்சாமி அண்ணனிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகுதான் பெடலில் கால் வைத்தேன்.