நடுப்பலகைக்குத் தெர்மகோல் வைக்கவில்லை

ஒரு வீட்டில் ஒருவனுக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள, விருந்தாளிகள் வரும்போது அவன் எங்கே படுக்கிறான் என்று பார்த்தால் போதும். நான் கூடத்தில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் படுப்பவன். ஆகஸ்ட் மாதம் முழுக்க.

காரைக்காலில் பல வீடுகளுக்கு ஆகஸ்ட் என்றால் பிரான்ஸில் குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள் வரும் மாதம். எங்கள் வீட்டுக்கு வருபவர் என் அண்ணன். அவரும் அண்ணியும் பிள்ளைகளும் பெட்டிகளோடு வந்து இறங்கியதும், நானும் என் மனைவி ஜெசிந்தாவும் எங்கள் அறையிலிருந்து தலையணைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். யாரும் எங்களைப் போகச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் ஏசி இருப்பது அந்த ஓர் அறையில்தான். (ஏசி அண்ணன் வாங்கி மாட்டியது. மறந்துவிட்டால் ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது.) கல்யாணமாகி வந்த புதிதில் கூடத்தில் படுத்த ஜெசிந்தா, பாத்ரூமுக்குப் போகிறவர்கள் தாண்ட வசதியாகக் காலை மடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த ஆகஸ்டுகளிலும் மடக்கித்தான் படுத்தாள்.

அவள் பெரிதாக எதுவும் கேட்கிறவள் இல்லை. ஒருமுறை மட்டும் சொன்னாள்.

“ஒரே ஒரு கதவு போதுங்க. நம்ம உள்ளேருந்து சாத்துற மாதிரி. நாலு வார்த்த பேசுனா நம்மளோட நிக்கணும்.”

வேறு எவனாக இருந்தாலும் அண்ணனிடம் போய், “இந்த வருஷம் நாங்க ரூம்லயே இருந்துக்கிறோம்” என்று சொல்லியிருப்பான். எனக்கு அது சுலபமான வழியாகத் தெரியவில்லை. நான் ஒரு வீட்டையே கட்டக் கிளம்பினேன், சக்கரம் வைத்து.

கண்ணீர்த்துளி வண்டி என்று ஒன்று இருக்கிறது. யூடியூபில் பார்த்தேன். சொட்டுத் தண்ணீரைப் படுக்கப் போட்ட வடிவில் ஒரு பெட்டி; காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம். முன்பாதியில் இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்க மூடியைக் கார் டிக்கி போலத் தூக்கினால் குட்டிச் சமையல்கட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை. கொடைக்கானல் போகப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் கொல்லையில் தென்னைமரத்தடி வரை போனால் போதும் என்பதுதான் திட்டம்.

நான் நெடுங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வெப்பக் கடத்தலை வருஷாவருஷம் நடத்துகிறவன். அப்படிப்பட்டவன், சுவர் எவ்வளவு கனம் வைப்பது என்ற சந்தேகத்தை யாரிடம் கேட்டான் தெரியுமா? எவரிடமிருந்து தப்பிக்க வண்டி கட்டுகிறானோ அந்த அண்ணனிடமே வீடியோ காலில் கேட்டான்.

“ஒம்பது மில்லி பிளைவுட் போதும்னு பாக்குறேன் அண்ண. நெழல்லதான நிக்கப்போவுது.”

“நீயெல்லாம் என்னாடா வாத்தியாரு? இசொலாசியோன் இல்லாம வண்டியா?” என்றார் அண்ணன். (வெப்பம் தாண்டாமல் தடுப்பதற்கு அவர் இருக்கும் ஊரில் அதுதான் பெயராம்.) “எங்கூட வேல பாக்குறவன் ஒருத்தன் வச்சிருக்கான். அம்பது மில்லி செவுரு. வெளில பனி கொட்டுது, உள்ள பனியனோட படுத்திருக்கான்.”

காரைக்காலில் பனி எப்போது கொட்டும் என்று நான் கேட்கவில்லை. அண்ணனிடம் எதிர்க்கேள்வி கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் ஐம்பது மில்லி என்று முடிவாயிற்று. வெளியே ஒரு பிளைவுட், உள்ளே ஒரு பிளைவுட், நடுவில் ரீப்பர் கட்டை அடித்துத் தெர்மகோல். இடுக்கிலெல்லாம் சிலிகான் பசை. கதவைச் சுற்றி ரப்பர். காற்றுக்கு வைத்த துவாரத்தின் வழியாகச் சூடு ஓடிவிடும் என்று அண்ணன் எச்சரித்ததால் அதையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினேன். வெளிச் சூடு உள்ளே வராது என்றால் உள்சூடும் வெளியே போகாது. உள்ளே படுக்கும் இரண்டு உடம்பும் இரண்டு சின்ன அடுப்பு. இதை நானே கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள சந்து வழியாகத்தான் வண்டி கொல்லைக்குப் போக முடியும். எனவே வெளி அகலம் கூடக் கூடாது. சுவர் வளர வேண்டுமென்றால் உள்பக்கமாகத்தான் வளர முடியும்.

“உள்ள எடம் இருக்குமாங்க?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“தாராளமா” என்றேன்.

அந்தத் தாராளத்தில் ஒருவர் புரண்டால் மற்றவரும் சேர்ந்து புரள வேண்டும். போதாதற்கு நான் நெட்டை. காலை நீட்டினால் நடுப்பலகை இடித்தது. அது உட்சுவர்தானே, அதற்கு எதற்குக் காப்பு என்று என் அறிவு வேலை செய்தது. அங்கே மட்டும் தெர்மகோலை விட்டுவிட்டு நாலு மில்லிப் பலகையை அறைந்தேன். காலுக்கு இடம் கிடைத்தது.

திறக்க முடியாதபடி பசை வைத்து ஒட்டிய கண்ணாடி ஜன்னலுக்கு ஜெசிந்தா நீலத்துணியில் திரை தைத்தாள். கடைத்தெருவுக்குத் தானே போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். கதவின் உள்பக்கத்தில் அதை நான் மாட்டுகிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். அண்ணன் குடும்பம் வந்தாயிற்று. தலையணைகளும் கூடத்துக்கு வந்தாயிற்று. நெரவியிலிருந்து அக்காவும் வந்திருந்தது. பங்குச் சாமியார் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பிரியாணி முடிந்ததும் அக்கா ஆரம்பித்தது.

“ரெண்டு பேரும் உள்ள படுத்துக் காட்டுங்க பாப்போம்.”

ஏறினோம். அண்ணன் வெளியிலிருந்து கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார். ஜெசிந்தா தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பாடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. பிறகு கொட்டியது. பிறகு மூச்சு முட்டியது. “போதுங்க, எறங்கிடுவோம்” என்றாள். தாழ்ப்பாள் ஒழுங்காகத் திறந்தது. கதவு திறக்கவில்லை. விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காத பலகை கடற்காற்றில் ஊதி, ரப்பரோடு சேர்ந்து கவ்விக்கொண்டது. தோளால் இடித்தேன். முதுகால் தள்ளினேன். “அண்ண! அக்கா!” என்று கத்தினேன்.

ஒருவரும் வரவில்லை. திரையை விலக்கிக் கையை ஆட்டினோம். அண்ணன் பிள்ளைகள் சந்தோஷமாகத் திரும்பக் கையாட்டினார்கள். அவர்களையும் அக்கா விரட்டிவிட்டது. என்ன சொல்லி விரட்டியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“அங்க போவாதீங்க புள்ளைங்களா. இப்பதான் அதுங்க ரெண்டும் தனியா இருக்குதுங்க.”

அண்ணன் தென்னைமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாராம். “ஒரு சத்தம் வருதா பாரு. அம்பது மில்லி!”

உள்ளே ஜெசிந்தா கதவைத் தட்டுவதை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேச ஆரம்பித்தாள்.

“யாரக் கேட்டு அம்பது மில்லி வச்சீங்க?”

“அண்ணன்தான்...”

“எல்லாம் ஒங்க அண்ணன்தான். ரூமு அவருது, ஏசி அவருது, இப்ப இந்தப் பொட்டியும் அவரு சொன்ன கணக்கு. ஒங்களுதுன்னு என்னாங்க இருக்கு?”

“மெதுவா பேசு.”

“எதுக்கு மெதுவா? யாருக்குக் கேக்கப்போவுது? அம்பது மில்லில்ல!”

அதற்குப் பிறகு அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. “வருஷா வருஷம் ஒங்க அண்ணி கேக்குறாங்க, இன்னும் ஒரு புள்ள இல்லயான்னு. எங்க கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்குறாங்க. நான் கூடத்துல கால மடக்கிப் படுத்துக்கிட்டு என்னா பதில் சொல்றது? பழைய சட்டையா கொண்டாந்து எனக்குக் குடுத்துட்டு, பிரான்ஸ் சட்டைன்னு நெரவி வரைக்கும் சொல்லிக்கிறாங்க. ஒங்க அண்ணன் வந்து எறங்குன அன்னிக்கே நான் அவங்க போற தேதிய எண்ண ஆரம்பிச்சிடுறேன். அவங்க திரும்பப் போற அன்னிக்குத்தான் எனக்குத் திருநாளு.”

கடைசி வாக்கியத்தில் அவள் அழுதுவிட்டாள். நான் விசிறுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் கால்மாட்டிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. “ஜெசிந்தா.” மிகவும் சன்னமான குரல். அவ்வளவு சன்னமாகவும் தெளிவாகக் கேட்டது.

அண்ணி காபி போட்டுப் பார்க்கலாமென்று பின்மூடியைத் தூக்கியிருக்கிறார். நாலு மில்லிப் பலகை ரேடியோ போலப் பேசியிருக்கிறது. ‘ஒங்களுதுன்னு என்னாங்க இருக்கு’ என்ற இடத்தில் அண்ணி கை காட்டி எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். மிச்சம் முழுவதையும் குடும்பமே அடுப்பைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறது.

அந்தப் பலகையைத்தான் அண்ணன் உதைத்து உடைத்தார். எங்களைக் காலைப் பிடித்து, அடுப்புக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில் வெளியே இழுத்தார்கள். ஜெசிந்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். அண்ணி தரையைப் பார்த்தார். அண்ணன் ஜெசிந்தாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

“அவ சொல்றதெல்லாம் நெசமாடா? நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தாவும் பார்த்தாள். அவள் பார்த்தது வேறு மாதிரி. அவ்வளவு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. ஒரு ‘ஆமாம்’ போதும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

“நடுப்பலகைக்கு தெர்மகோல் வைக்கல அண்ண.”

முதலில் சிரித்தது அக்கா. பிறகு அண்ணன் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது என்பதை எந்த வெட்கத்தில் சொல்வது? ஜெசிந்தா மட்டும் பிரியாணித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுவருஷத்திலிருந்து அண்ணன் கடற்கரைப் பக்கம் ஹோட்டலில் தங்குகிறார். மத்தியானம் சாப்பிட வருகிறார். மீன் நன்றாக இருக்கிறது என்று ஜெசிந்தாவிடம் மரியாதையாகச் சொல்கிறார். அண்ணி பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டியை ஒரு மீன் வியாபாரி எடுத்துக்கொண்டார். ஐஸ் உருகவே மாட்டேன் என்கிறது என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் பாராட்டுகிறார். எங்கள் குடும்பத்திலோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எவன் முழித்தாலும் இந்த வாக்கியம்தான். போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு மாப்பிள்ளை மழுப்பினான். அக்கா என் பக்கம் திரும்பி, “நடுப்பலகைக்கு தெர்மகோல் வைக்கல போலருக்கு” என்றது. சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன்.

அறை இப்போது ஆகஸ்டிலும் எங்களுடையதுதான். வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஜெசிந்தா அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றிவந்து அறைக்கதவில் மாட்டச் சொன்னாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ஒங்க அண்ணன் கேட்டாருல்ல, நெசமான்னு. இப்ப யாரும் இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் சொன்னது நெசந்தான?”

நான் ஏசி ரிமோட்டைத் தேடினேன். தலையணைக்கு அடியில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன்.

“நடுப்பலகைக்கு தெர்மகோல் வைக்கல” என்று எனக்காக அவளே சொல்லிவிட்டு, எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள்.