பொட்டு வைத்த ஃபியூஸ்

வீட்டு கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி ஹாரனை அழுத்தினார் திருமலை. சத்தமே இல்லை. நேற்றுத்தான் புது ஃபியூஸ் போட்டிருந்தார். இறங்கி, தானே கேட்டைத் திறந்து, காரை உள்ளே விட்டுவிட்டு சேரப்பணஞ்சேரி வீட்டுக்குள் போனார்.

ஒரகடத்துக் கார் கம்பெனியில் வயரிங் செக் பண்ணுகிறவர். தொண்ணூறு விநாடிக்கு ஒரு புதுக் கார் அவர் கையைத் தாண்டிப் போகும். இருபத்தைந்து வயதான சொந்தக் கார் மட்டும் அவரை மதிப்பதில்லை.

ரோட்டில் அவர் யாருக்கும் ஹாரன் அடிக்கமாட்டார். எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வீட்டு வாசலில் அடிப்பார்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. "தோ வந்துட்டேன்!" என்று மனைவி கனகலட்சுமி ஓடிவந்து கேட்டைத் திறப்பாள்.

அவர் வீசியெறியும் கருகிய ஃபியூஸ்களைப் பொறுக்கி ஊறுகாய் டப்பாவில் போட்டுவைப்பதும் அவள்தான்.

"எரிஞ்சிபோன ஃபியூஸு இன்னாத்துக்குடி ஒதவும்?"

"ஒரு நாளிக்கி ஒதவும்யா."

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று மாலை, வழக்கம்போல ஹாரன் அடித்தார். அடித்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். காற்றாட இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கார் ஜன்னல் இறங்கி நாலு வருடமாகிறது.

மறுநாளிலிருந்துதான் ஹாரன் ஊமையானது. அவருக்கு மிச்சமிருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அது இல்லாமல் உள்ளே போனால், சொந்த வீட்டுக்கே திருட வந்தவர் போலிருந்தது.

"இன்னாண்ணா, லைன்ல அத்தினி வண்டிய அனுப்புற. ஒரு ஹாரனுக்கு வக்கில்லையா?" என்றான் கூட வேலைசெய்யும் வசந்தகுமார்.

ரோஷத்தில் ஸ்டியரிங்கைப் பிரித்து மாட்டினார். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது; ஆடியது பிறகு நிற்கவேயில்லை. சித்திரை வெயிலில், மழையே காணாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார்.

அதைச் சரிசெய்கிறேன் என்று ஹாரனுக்கு இண்டிகேட்டரிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்தார். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கார் ஒப்பாரி வைத்தது. ஷேர் ஆட்டோக்கள் ஆம்புலன்ஸ் என்று ஒதுங்கின. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் திரும்பியபோதும் அலறியது. வண்டியை அணைத்துவிட்டு, அன்றைக்கும் முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வயரையும் பிடுங்கிப்போட்டு, ஹாரனைப் பழையபடி மாட்டி, படப்பையில் வாங்கிய புது ஃபியூஸைப் போட்டார். கை சும்மா இருக்குமா? லைனில் செக் பண்ணியதற்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் பொட்டு வைத்த கை. ஃபியூஸ் தலையிலும் ஒன்று வைத்தது.

மறுநாள் மாலை, அதாவது இன்று, ஹாரன் மறுபடி ஊமை. ஃபியூஸை உருவினார். கருகியிருந்தது. பொட்டு இல்லை.

ஃபியூஸ் எரியும். பொட்டு எப்படி எரியும்?

கார்க் கதவுக்குப் பூட்டு கிடையாது. காம்பவுண்டுக்குள் இருப்பதோ மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பக்கத்து ஜோடி மட்டும்தான். சந்தனமாரி குழம்புக் கிண்ணத்தோடு படியில் இறங்கிவந்தாள்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"சாப்பாடு கெடக்கட்டும். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு உம் புருசன் தூங்கறாரு, ஹாரன் தொல்லையா கீது. அதானே? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாம்மா? வண்டியில எதுக்குக் கை வெக்கிற?"

அவள் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு மேலே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த ஊறுகாய் டப்பா இருந்தது. கருகியவற்றுக்கு மேலே, மஞ்சள் பொட்டோடு அவருடைய புது ஃபியூஸ்.

"ஆசுபத்திரிக்குக் கெளம்பையில அக்காதான் இதக் குடுத்துச்சு. 'நான் வரலன்னா அந்த மனுசன் ஹாரன் அடிச்சிட்டு வாசல்லயே உக்காந்திருவாரு; அடிக்காட்டிதான் எறங்கி உள்ள போவாரு, நல்ல ஃபியூஸ உருவிட்டு இதுல ஒண்ண மாட்டிவிடு'ன்னுச்சு, அண்ணாச்சி."