வட்டத்துக்கு வெளியே ஒரு வாசகர்

‘மனைவி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி?’ என்ற பதிவை எழுதுவதில் மூழ்கியிருந்ததால், மனைவி பேசியது வலைப்பதிவரின் காதில் விழவில்லை.

"உங்களைத்தான். ஆபீஸ்ல என்னைக் கிளை மேனேஜர் ஆக்கிட்டாங்க."

"ம்."

"எத்தனை பேர் போட்டி தெரியுமா? எனக்குத்தான் கிடைச்சுது."

"ம். டீ வேணாம்."

அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. என்ன கோபம் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். அவர் தன் வட்டத்திடம் கேட்டார்.

இல்லறத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கும் ஆறு பேர் கொண்ட வட்டம் அது. ஒருவர் எழுதினால் மற்ற ஐவரும் படித்து "அருமை நண்பா" என்பார்கள். பிறகு அதையே கொஞ்சம் மாற்றி அவரவர் எழுதுவார்கள். அதற்கு இவர் "அருமை நண்பா" என்பார். அவர்களில் இருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இன்னொருவரின் மனைவி போன வருடம் அவரை விட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி அவர் எழுதியதற்கு, ‘ஆண்டின் சிறந்த இல்லறப் பதிவு’ என்று வட்டம் விருது கொடுத்தது.

"அவங்க சொல்றதையே திருப்பிச் சொல்லுங்க. புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நினைப்பாங்க," என்றார் பிரம்மச்சாரிகளில் மூத்தவர்.

வலைப்பதிவர் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நான் சொன்னது ஒண்ணாவது காதுல விழுந்துச்சா?" என்றாள் மனைவி.

"நீ சொன்னது ஒண்ணாவது காதுல விழுந்துச்சான்னு கேக்குற."

"என்ன, கிண்டலா?"

"கிண்டலான்னு உனக்குத் தோணுது."

அவள் அடுப்பை அணைத்த வேகத்தில் திருகு கையோடு வந்துவிட்டது.

"விடுங்க, இனி நாங்க பாத்துக்கறோம்," என்றது வட்டம். சொன்னபடியே பார்த்துக்கொண்டது. மதியத்துக்குள் ‘நண்பரின் மனைவிக்கு ஏன் கோபம்?’ என்று ஐந்து பேரும் ஆளுக்கொரு பதிவு போட்டுவிட்டார்கள். விருது வாங்கியவர் இவர்களுடைய கல்யாணப் படத்தையே போட்டிருந்தார்.

வலைப்பதிவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவளிடமே கொண்டுபோய்க் காட்டினார்.

"பாரு, உன் ஒரு கோபத்துல அஞ்சு பதிவு!"

அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"என் பேச்சை ஊரே கேக்குது. நீ மட்டும்..."

"எது ஊர்? அந்த அஞ்சு பேரா? அவங்களைத் தவிர ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. உங்க எழுத்தைப் படிச்சு நல்லா இருக்கேன்னு சொல்லட்டும். நான் போகல."

நிஜமாகவே போய்விடுவாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய் மைத்துனனுக்கு போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மச்சான், நீ என் பதிவெல்லாம் படிப்பேல்ல?"

"படிக்காமயா! இப்பத்தான் உங்க வட்டத்துலயே சேர்ந்தேன் மாமா. முதல் பதிவே அக்கா கோபத்தைப் பத்தித்தான். சின்ன வயசுல என்னைக் கடிச்சதெல்லாம் எழுதியிருக்கேன்."

பெட்டிக்குள் கம்பளிப் போர்வையும் போனது.

அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், மொட்டைமாடிச் சாவி கேட்டு வந்திருந்தார். வலைப்பதிவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், நீங்க இல்லறம் பத்தி எழுதுறவர்தானே? படத்துல பாத்த அதே முகம்!"

"நீங்களும் பதிவு எழுதுறவங்களா?" என்றாள் மனைவி சந்தேகத்தோடு.

"ஐயோ, எனக்கு ஒரு வரி வராதும்மா. படிக்கிறதோட சரி. சார் எழுதுறதுல ஒண்ணு விடமாட்டேன்."

"படிச்சு நல்லா இருக்கீங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! முன்னெல்லாம் வாடகை கொடுக்கவே திண்டாடுவேன். இப்ப கீழ்வீட்டைச் சொந்தமாவே வாங்கிட்டேன். எல்லாம் சார் புண்ணியம்."

வலைப்பதிவருக்குக் கண் கலங்கியது. கைக்குட்டையைத் தேடினார், அதுவும் பெட்டிக்குள் போயிருந்தது. மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். சொன்ன சொல் சொல்தானே? தோற்றதில் கொஞ்சம் சந்தோஷம்கூட அவளுக்கு இருந்தது. இத்தனை வருடம் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ?

"உள்ள வாங்கக்கா," என்றாள் இளகிய குரலில். "அப்படி என்ன வேலை பாக்கறீங்க?"

"விவாகரத்து வக்கீல்மா. சார் எழுதினபடி எந்தப் புருஷன் நடந்துக்கிட்டாலும், அடுத்த வாரமே அவன் பொண்டாட்டி என் ஆபீஸ்ல வந்து உக்காந்திருப்பா."