மாமனாருக்குப் படம் காட்டிய கதை

எனக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. பெயர் நிற்கும், குரல் நிற்கும், எந்த வண்டியில் வந்தார் என்பதுகூட நிற்கும். முகம் மட்டும் வழுக்கிக்கொண்டு போய்விடும். பெண் பார்த்துவிட்டு வந்த சில நாட்களில், சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரென்று தெரியவில்லையே என்று தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். அது நான் பார்த்துவிட்டு வந்த பெண்ணேதான். அவள் வீட்டுக்குப் போய், "பையன் ரொம்ப அடக்கமுங்க, ரோட்டுல பொண்ணுங்களத் தலை நிமிந்துகூடப் பாக்கறதில்லீங்க" என்று சொல்ல, எங்கள் கல்யாணம் முடிவானது. (நான் மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை.)

இப்படிப்பட்டவனிடம் ஒரு குடும்பத்தின் மொத்தப் புகைப்படங்களையும் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. திருச்செங்கோட்டில், கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால்.

என் மாமனார் செல்லமுத்துவுக்கு அறுபதாம் கல்யாணம். அவர் போர் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ராஜஸ்தான், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று பாதி இந்தியாவைச் சுற்றியவர். மழைக்காலம் வந்தால்தான் வண்டி ஊர் திரும்பும். வண்டி திரும்பினால்தான் மாமாவும் திரும்புவார். விழாவுக்கு மண்டபம், சமையல், பந்தல் எல்லாவற்றையும் என் சகலை செந்தில் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் குமாரபாளையத்தில் துண்டு வியாபாரம் செய்பவர், படு சுறுசுறுப்பு. மூத்த மாப்பிள்ளை என்ன செய்தார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கும் ஏதாவது வேண்டுமே. அப்போதுதான் என் மாமியார் வழி காட்டினார்.

"நம்ம பெரிய மாப்ளைக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படியாச்சுங்களே. பழைய போட்டோவையெல்லாம் பெரிய திரையில ஓட்டி உட்டுப் போடட்டும்."

நான் பொறியியல் கல்லூரியில் பாய்லர் பாடம் நடத்துகிறவன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு, வருகைப்பதிவு போடுவதோடு சரி. ஆனால் அன்றைக்கு சகலை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அதுக்கென்ன அத்தை, ஜமாய்ச்சுடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையப் படங்கள் வந்து சேர்ந்தன. வீட்டில் எடுத்தவை ஒரு கட்டு. காதுகுத்து, பிறந்தநாள், புதுவீட்டுப் பால் காய்ப்பு. அவற்றில் பாதியில் மாமா இல்லை. மீதிப் பாதியில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியூரில் எடுத்தவை இன்னொரு கட்டு. அதில்தான் எனக்குத் தலை சுற்றியது. அநேகமாக எல்லாப் படத்திலும் ஒரே போர் வண்டி, ஒரே புழுதி மேகம், நடுவே தலையிலிருந்து கால்வரை பாறைத்தூள் அப்பிய ஒரு வெள்ளை மனிதர். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. சாதாரண முகமே எனக்குப் பிடிபடாது. இதில் மாவில் புரட்டி எடுத்த முகம்!

மனைவியிடம் ஒரு படத்தை நீட்டினேன். "கவிதா, இது மாமாதானே?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அப்பாதானுங்க. போர் வண்டிக்குப் பக்கத்துல நிக்கறது வேற யாரு?" சின்ன வயதிலிருந்தே அவள் அப்பாவை அப்படித்தான் அடையாளம் கண்டிருக்கிறாள். வண்டி இருந்தால் அப்பா.

அதையும் நம்பாமல் கைபேசியின் உதவியை நாடினேன். படங்களை ஏற்றினால் அது முகவாரியாகப் பிரித்துத் தருமாம். அதுவோ இரண்டு வெள்ளை மனிதர்களை அடுத்தடுத்துக் காட்டி, "இருவரும் ஒருவரா?" என்று என்னையே கேட்டது. எனக்கிருக்கும் அதே வியாதி அதற்கும்! ஆறுதலாக இருந்தது. "ஆம்" என்று அழுத்தினேன். அடுத்து, மாமாவையும் மாரியம்மன் கோயில் துவாரபாலகர் சிலையையும் காட்டி அதே கேள்வியைக் கேட்டது. அங்கே மட்டும் கொஞ்சம் யோசித்து "இல்லை" என்றேன்.

எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. மாமாவுக்குப் பொன்னுசாமி என்று ஒரு கூட்டாளி. இருவரும் ஒரே வண்டியில் பல வருஷம் ஊர் ஊராகப் போனவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கேமரா. அவர் இவரை எடுப்பார், இவர் அவரை எடுப்பார். பிறகு பொன்னுசாமி தனி வண்டி வாங்கிப் பிரிந்தார். போகும்போது துளை போடும் ஆளான டிரில்லரையும் சமையல்காரரையும் தன்னோடு கூட்டிப் போய்விட்டார். டிரில்லர் போனதை மாமா மன்னித்துவிட்டார். சமையல்காரர் போனதை மன்னிக்கவே இல்லை. அதன்பின் அந்த வீட்டில் பொன்னுசாமியின் பெயரைக்கூட யாரும் எடுத்ததில்லை. நான் கல்யாணம் கட்டி வந்தது அதற்கும் பிறகு. ஆக, டின்னில் இருந்த வெள்ளை மனிதர்களில் பாதிப் பேர் மாமாவே இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் பாட்டுக்கு உற்சாகமாக ஒவ்வொரு படத்துக்கும் கவிதை எழுதினேன். மொத்தத்துக்கும் "பாறையைப் பிளந்த பாசம்" என்று தலைப்பு வைத்தேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

விழா நாளன்று கலச நீர் ஊற்றி முடிந்தது. மாமா புது வேட்டி கட்டி, மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்றும்போது கழற்றிய மூக்குக் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. அத்தை சேலை மாற்றப் போயிருந்தார். மறுபடி தாலி கட்ட நல்ல நேரம் வர இன்னும் சற்று இருந்ததால், "அதுக்குள்ள படத்தப் போடுங்க" என்றார் ஐயர். சகலை மைக்கைப் பிடித்துக்கொண்டார். நான் மடிக்கணினியோடு மேடை ஓரத்தில்.

முதல் படம் ஒட்டகத்தின் மேல் ஒரு வெள்ளை மனிதர். கீழே என் கவிதை: "பாலைவனம் கண்ட பச்சைத் தமிழன்."

"மாமா, இது எந்த ஊருங்க?" என்று மைக்கை நீட்டினார் சகலை.

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, "ராஜஸ்தானுங்க. டீசல் தீந்து போச்சுங்க. ஒட்டகத்து மேல ஏறிப் போயித்தான் வாங்கியாந்தேன்" என்றார். மண்டபம் கைதட்டியது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "ஏறுனது நானுங்க! மச்சான் கீழ நின்னு போட்டோதான் புடிச்சாரு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கதர்ச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றார். அத்தை யாருக்கும் சொல்லாமல் பொன்னுசாமிக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவர் யாரென்று தெரியாது. கண்ணாடி இல்லாவிட்டாலும் மாமாவுக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமலே சகலையிடம் மைக்கில் சொன்னார்: "அங்க யாரோ பசியில கத்தறாங்க. எலை போட்டாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ள."

நான் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினேன். தாஜ்மகால். முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் வெள்ளை மனிதர்.

"இது நான் ஆக்ராவுல" என்றார் மாமா, கேட்பதற்கு முன்பே.

"தாஜ்மகாலுக்கு மச்சான் வரவே இல்லீங்க!" என்றது பின்வரிசை. "வயித்தால போயி லாரிக்குள்ளயே படுத்துக் கெடந்தாருங்க!"

மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒட்டகத்தின் மேல் இருந்தவர் மாமா இல்லையென்றால், அதற்கடுத்தவர் யார்? அதற்கடுத்தவர்? என் கவிதைகள் எல்லாம் யாருக்கு எழுதியவை? குழப்பத்தில் விரல் தானாக அடுத்த பட்டனை அழுத்தியது. சரியாக அந்த நேரத்தில்தான் அத்தை பட்டுச்சேலையில் வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் புழுதி படிந்த ஒரு மனிதர், தலையில் பெரிய வண்ணத் தலைப்பாகையோடு நின்றார். அவரை ஒட்டி, முக்காட்டை முகம் மூட இழுத்துவிட்டிருந்த ஒரு பெண். அவள் கை அவர் தோளில். கீழே நான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்: "அத்தையும் மாமாவும்: இனிய இல்லறம்."

பெண் என்றால் அத்தை. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அத்தை திரையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நான் மேட்டூருக்கு அக்கட்ட போனதில்லீங்களே. இது யாருங்க?"

"அது நானில்ல" என்றார் மாமா.

ஒட்டகத்துக்கும் தாஜ்மகாலுக்கும் சொந்தம் கொண்டாடியவர் இதை மட்டும் வேண்டாமென்றதும் கூட்டம் ஓவென்று கத்தியது. அத்தை சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது ஆருன்னு தெரிஞ்சாத்தான் நான் கழுத்த நீட்டுவேன்" என்றார்.

ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நாதஸ்வரக்காரர் வாயருகே கொண்டுபோன நாதஸ்வரத்தை இறக்கினார். கவிதா கீழேயிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த முகம் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

மாமா திணறினார். மண்டபத்தில் அவரைக் காப்பாற்றக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான். அந்த ஆளோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. மைக்கைப் பிடுங்கினார்.

"அடேய் பொன்னுசாமி! எந்திருச்சுச் சொல்லுடா! அது நீதானே?"

பொன்னுசாமி எழுந்தார். அவசரமே படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செரியாத் தெரியலீங்களே மச்சான். மூஞ்சி பூரா மண்ணாட்ட இருக்குது."

"டேய், என்ற மானம் போகுதுடா! மேல வாடா!"

பொன்னுசாமி நடந்து வந்தார். நான் இதற்குள் அந்தப் படத்தை எப்படியாவது ஒழிக்க வேண்டுமென்று கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். படம் போகவில்லை. பெரிதானது. மேலும் பெரிதானது. கடைசியில் திரை முழுக்க அந்தப் பெண்ணின் கை மட்டும் நின்றது. சுருக்கம் விழுந்து, நரம்பு புடைத்து, பச்சை குத்திய கிழட்டுக் கை.

அத்தை ஒரு அடி முன்னால் வந்தார். "வயசானவங்களாட்ட இருக்குதே..."

"ஆமாங்கக்கா" என்றார் பொன்னுசாமி. குரலில் விளையாட்டு போயிருந்தது. "அந்தத் தோட்டத்துக்காரரோட அம்மாங்க. மூணு எடத்துல போட்டும் தண்ணி வல்லீங்க. நாலாவது எடத்துல வந்து மேல அடிச்சுது பாருங்க, அந்தம்மா அழுதுபோட்டுது. ஊட்டுக்குள்ள போயி அவுங்க ஊட்டுக்காரரு தலப்பாவ எடுத்தாந்து கட்டி உட்டு, தண்ணி கொண்டாந்த மவனோட ஒரு போட்டோ வேணும்னு நின்னுச்சு. எடுத்தது நான். நிக்கறது மச்சான்தானுங்க."

மாமா திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"நானா?" என்றார் மாமா. "நீயின்னுல்ல நெனச்சேன்!"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. பொன்னுசாமியின் படங்களையெல்லாம் தன்னுடையது என்றவர், திரையில் வந்த தன் ஒரே படத்தைப் பொன்னுசாமி தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். மேடையிலிருந்து இறங்கித் திரைக்கு அருகே போய், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாததால் கண் கூசுகிறது என்றார். யாரும் நம்பவில்லை.

"இத்தன நாளா இதைய ஊட்டுல ஒரு வார்த்த சொல்லலையேங்க" என்றார் அத்தை.

"ஊட்டுக்கு வந்தாத் தூக்கம் வந்துருதே" என்றார் மாமா.

அத்தை போய் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். தாலி கட்டும்போது பொன்னுசாமி பக்கத்திலேயே நின்றார். பந்தியில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, அந்தப் போர் வண்டிச் சமையல்காரர் வைத்த ரசத்துக்கு முன்னால் இதெல்லாம் ரசமா என்று பேசிக்கொண்டதாகச் சகலை சொன்னார். ரசத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர் என்பதால் அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

எனக்கு அன்றோடு அந்தக் குடும்பத்தில் ஒரு பதவி உறுதியானது. எந்த விசேஷமானாலும் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுக்கும் வேலை. அதில் யாரையும் அடையாளம் காண வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது தப்பில் மாட்டிக்கொண்டு "அது நானில்ல" என்று ஆரம்பித்தால், மற்றவர்கள் சேர்ந்து, "பொன்னுசாமியக் கூப்புடுங்க!" என்று கத்துவார்கள். போன மாதம் மோட்டாரை யாரோ போட்டுவிட்டு மறந்து, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, காயப்போட்ட மிளகாய் எல்லாம் தெருவில் மிதந்தது. யார் போட்டது என்று கவிதா கேட்டாள். நான் வாய் தவறி, "அது நானில்ல" என்றேன்.

என் மகள் யாழினி வாயால் கத்துவதோடு நிற்கவில்லை. நேராகப் பொன்னுசாமி தாத்தாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, விஷயத்தை முழுக்கச் சொன்னாள். அவர் அப்போது ஒடிசாவில், வண்டியோடு இருந்தார். பின்னால் கம்ப்ரெஸர் இரைந்தது. பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அது உங்கொப்பன்தான் சாமி" என்றார். "எனக்கு நல்லாத் தெரியும். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."